மேனேஜரின் ஒப்பந்தம் நீளும் நாளில்: மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



2024 ஜூலை 4 அன்று உங்கள் கிளப் மேனேஜர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 ஜூன் வரை நீட்டித்தது. உங்களில் ஒரு சாரார் அதைக் கொண்டாடினீர்கள். வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தவருக்கு இதுதான் நியாயம் என்றீர்கள். இன்னொரு சாரார் தலையில் அடித்துக்கொண்டீர்கள். பிரீமியர் லீக் தொடங்கிய காலத்திலிருந்து யுனைடெட் காணாத எட்டாவது இடம், அடித்த கோல் 57, வாங்கிய கோல் 58, இதற்கா நீட்டிப்பு என்று கேட்டீர்கள். இரு தரப்பும் நாள்கணக்கில் மோதிக்கொண்டீர்கள். அக்டோபர் 28 அன்று டென் ஹாக் நீக்கப்பட்டார். நீட்டிப்புக்கும் நீக்கத்துக்கும் நடுவே முழுதாக நான்கு மாதம்கூட ஓடவில்லை.

கொண்டாடியவர்களும் கேட்கவில்லை, கொதித்தவர்களும் கேட்கவில்லை: இந்த ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்க நேர்ந்தால் எவ்வளவு ஆகும், அதை யார் கட்டுவார்கள்?

எவ்வளவு ஆனது என்பது பிறகு கிளப்பின் கணக்கிலேயே வந்தது. டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைக்க 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. அடுத்து வந்த ரூபன் அமோரிமையும் அவருடைய குழுவையும் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பிடமிருந்து விடுவிக்க மேலும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம். அதே நவம்பரில், சீசனின் மிச்ச ஆட்டங்களுக்கு உறுப்பினர்களுக்கான டிக்கெட் எல்லாம் ஒரே விலை, 66 பவுண்டு என்று கிளப் அறிவித்தது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இருக்கவில்லை. அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்டிலும் சிறுவர்களுக்கு 25 பவுண்டிலும் டிக்கெட் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டென் ஹாக்கை அனுப்பிய செலவை மட்டும் ஈடுகட்ட 66 பவுண்டு டிக்கெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். ஏறத்தாழ 74,000 பேர் அமரும் ஓல்ட் டிராஃபோர்டை இரண்டு முறை நிரப்பினாலும் போதாது.

அந்தக் கணக்கை யாரும் உங்கள் முன் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி நீங்களும் வற்புறுத்தவில்லை. இந்த மடல் எழுதப்படுவது அதற்காகத்தான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் விடைபெற்ற பிறகு நீங்கள் பார்த்ததை வேறெந்தப் பெரிய கிளப்பின் ரசிகர்களும் இத்தனை முறை அடுத்தடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னையில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கும் கோலாலம்பூரில் அதிகாலை நான்கு மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பார்ப்பவர்களும் நீங்கள்தான். மழையில் நனைந்தபடி ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்டில் நின்று பாடுபவர்களும் நீங்கள்தான். உங்கள் பாசம் பொய்யில்லை. அந்தப் பாசம் பொங்கும் நேரம் பார்த்துத்தான் கிளப் கையெழுத்துப் போடுகிறது என்பதை மட்டும் நீங்கள் கவனிக்கத் தவறுகிறீர்கள்.

நடந்தவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள்.

2018 ஜனவரியில் ஜோசே மொரின்யோவின் ஒப்பந்தம் 2020 வரை நீண்டது. முந்தைய சீசனில் லீக் கோப்பையும் யூரோப்பா லீக்கும் வந்திருந்தன. நீட்டிப்பு நடந்த சீசன் முடிவில் அணி இரண்டாமிடம் பிடித்தது, 81 புள்ளிகளோடு. ஆனால் முதலிடத்தில் இருந்த சிட்டி 100 புள்ளிகளில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 3-1 தோல்வி. லிவர்பூலுக்கு 19 புள்ளிகள் பின்னால் கிடந்த அணியை விட்டு மொரின்யோ டிசம்பர் 18 அன்று வெளியேறினார். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கிளப் கொடுத்த இழப்பீடு 1 கோடியே 96 லட்சம் பவுண்டு.

ஓலே குன்னர் சோல்ஷாரை நினைத்தால் உங்களுக்கு இன்னும் வலிக்கும். 2019 மார்ச் 6 அன்று பாரிஸில் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று வென்ற இரவில், தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்த உங்கள் பழைய வீரர்களே ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வையுங்கள் என்று துள்ளினார்கள். நீங்களும் துள்ளினீர்கள். தற்காலிகமாக வந்தவர் மூன்றே வாரத்தில், மார்ச் 28 அன்று, நிரந்தர மேனேஜர் ஆனார். சீசன் முடியும்வரை காத்திருந்து பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. 2021 மே மாதம் வில்லாரியலிடம் யூரோப்பா லீக் இறுதிப்போட்டியைப் பெனால்டியில் இழந்த பிறகு, ஜூலை 24 அன்று 2024 வரை மூன்றாண்டு ஒப்பந்தம், விரும்பினால் இன்னும் ஓராண்டு. சாஞ்சோ வந்தார், வரான் வந்தார், ரொனால்டோ திரும்பி வந்தார். அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் லிவர்பூல் ஐந்து கோல் போட்டது. நவம்பர் 20 அன்று வாட்ஃபோர்டிடம் 4-1. மறுநாள் சோல்ஷார் இல்லை. கண் கலங்கியபடி அவர் கொடுத்த கடைசிப் பேட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1999-ல் பார்சலோனாவில் கோப்பையை வென்று கொடுத்த கோலை அடித்தவர் அவர். நான்கு மாதம்கூட நிலைக்காத நீட்டிப்பை அவர் கையில் கொடுத்து, பிறகு அவரை அந்த நிலையில் நிறுத்தியது யார் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, டென் ஹாக். கோப்பை இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள், முடிவு எதுவானாலும் அவர் நீக்கப்படுவார் என்று செய்தி வந்தது. மறுநாள் கார்னாச்சோவும் மைனூவும் கோல் அடித்தார்கள். கிளப் வேறு சில மேனேஜர்களிடம் பேசிப் பார்த்தது. டென் ஹாக்கே இதை டச்சுத் தொலைக்காட்சியில் சொன்னார். கடைசியில் அவரையே வைத்துக்கொண்டு, மேலும் ஓராண்டு நீட்டித்தது. இதில் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது, அதை உற்றுப் பாருங்கள். விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் பணியில் சேர்ந்தது ஜூலை 1. நீட்டிப்பு அறிவிப்பு ஜூலை 4. தலைமை நிர்வாகி ஓமர் பெராடா பொறுப்பேற்றது ஜூலை 13. அணியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டிய இருவரில் ஒருவர் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, மற்றவர் இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்த ஆஷ்வொர்த்தும் டிசம்பரில் போய்விட்டார். ஐந்து மாத வேலை, வெளியே அனுப்பும் செலவு 41 லட்சம் பவுண்டு.

2025 மார்ச்சில் கிளப்பின் இணை உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃப் பேட்டி கொடுத்தபோது, டென் ஹாக்கை வைத்துக்கொண்டதும் ஆஷ்வொர்த்தை எடுத்ததும் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் தவறு செய்தவர் கட்டிய அபராதம் என்ன? 2024 கோடையில் சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போகும் என்று அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் மேலும் 150 முதல் 200 பேர் வரை என்றார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் ஊழியர்களின் உணவகத்தை மூடினார்கள். 26 ஆண்டு கிளப்பை நடத்திய ஃபெர்குசனுக்குக் கொடுத்து வந்த தூதர் பணிக்கான ஊதியத்தையும் நிறுத்த முடிவு செய்தார்கள். உங்கள் டிக்கெட் 66 பவுண்டு ஆனது.

இதற்கெல்லாம் மேனேஜர் இழப்பீடு ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கியதிலிருந்து வட்டிச் சுமை இருக்கிறது, வீரர்களின் சம்பளம் இருக்கிறது, சாம்பியன்ஸ் லீக் வருமானம் நின்றது இருக்கிறது. ஆனாலும் சிக்கனம் சிக்கனம் என்று சமையலறை வரை போனவர்கள், நான்கு மாதத்தில் முறிக்கப்போகும் ஒப்பந்தத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து நீங்கள் மகிழ்வதும் பயப்படுவதும் ஏன் வீண் என்பதற்கு உங்கள் கிளப்பிலேயே சாட்சி இருக்கிறது. 2013-ல் டேவிட் மோயஸுக்குக் கொடுத்தது ஆறாண்டு ஒப்பந்தம். யுனைடெட் அண்மைக்காலத்தில் எந்த மேனேஜருக்கும் அவ்வளவு நீளமாகக் கொடுத்ததில்லை. ஐந்தாண்டுக்கு மேல் மீதமிருக்கும்போது, 2014 ஏப்ரல் 22 அன்று, அவரை நீக்கினார்கள். அவருக்கும் அவருடைய குழுவுக்கும் போனது 52 லட்சம் பவுண்டு. சாம்பியன்ஸ் லீக் தகுதி தவறினால் ஓராண்டுச் சம்பளம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. இரண்டாண்டுக்குப் பிறகு, கோப்பையை வென்ற இரண்டாம் நாளே நீக்கப்பட்ட லூயி வான் ஹாலுக்கு மீதமிருந்தது ஓராண்டு. செலவு 84 லட்சம். நீட்டிப்பின் பேரில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மீதம் வைத்திருந்த மொரின்யோவுக்கு, மோயஸுக்குப் போனதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஆறு ஆண்டு மலிவாக முடிந்தது, ஒன்றரை ஆண்டு விலை உயர்ந்தது. முதல் பக்கத்தில் இருக்கும் ஆண்டைவிட உள்ளே இருக்கும் முறிவு விதிதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கிறது. அறிவிப்பில் ஆண்டு மட்டும்தான் வரும். மேனேஜர் ஜெர்சியோடு நிற்கும் படம் வரும், நீண்ட காலத் திட்டம் என்ற சொல் வரும். விதி வராது. அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. ஓராண்டு மட்டும் மீதமுள்ள மேனேஜரின் சொல்லுக்கு உடைமாற்றும் அறையில் மதிப்புக் குறையும். அடுத்த ஆண்டு இவர் இருப்பாரா என்று வீரர்கள் கணக்குப் போடுவார்கள். புதிதாக வரும் வீரரும் யாரை நம்பி வருவது என்று தயங்குவார். வேறு கிளப் மேனேஜரைக் கொத்திக்கொண்டு போக வந்தால், மீதமுள்ள ஆண்டுகள்தான் கிளப்புக்குக் காசு. 2012 செப்டம்பரில் நியூகாசில் ஆலன் பார்டியூவுக்கு எட்டாண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது இங்கிலாந்தே வியந்தது. முந்தைய சீசனில் ஐந்தாமிடம். ஒப்பந்தம் எழுதிய சீசனில் அணி பதினாறாவது இடத்துக்குச் சரிந்தது. 2014-ல் அவரை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மைதானத்தில் தாள்களைத் தூக்கிப் பிடித்தார்கள். கிளப் அசையவில்லை. கடைசியில் அவரே கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார், பேலஸ் நியூகாசிலுக்கு இழப்பீடு கொடுத்தது. எட்டாண்டு அங்கே கிளப்பின் பெட்டியைக் காத்தது. ரசிகர்களின் மனத்தை அது காக்கவில்லை.

மேனேஜரும் ஒப்பந்தத்தின் கைதி இல்லை. லிவர்பூலில் யுர்கன் கிளாப் 2022-ல் போட்ட நீட்டிப்பு 2026 வரை ஓட வேண்டியது. 2024 ஜனவரியில், உடம்பில் தெம்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, சீசன் முடிந்ததும் போகிறேன் என்றார். யாரும் அவரை நிறுத்தவில்லை. ஆனால் அதே கிளாப்புக்கு 2016 ஜூலையில் லிவர்பூல் ஆறாண்டு கொடுத்தபோது அங்கே அவர் கையில் ஒரு கோப்பையும் இல்லை. அந்த ஆண்டு இரண்டு இறுதிப்போட்டிகளில் தோற்றிருந்தார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக் வந்தது, 2020-ல் முப்பதாண்டு காத்திருந்த லீக் பட்டம் வந்தது. பட்டங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள், சரி. அந்த 2016 கையெழுத்து எப்போது விழுந்தது என்று பாருங்கள். வெற்றி இரவு எதுவும் பக்கத்தில் இல்லை. கூட்டம் கேட்டதற்காக எழுதியதில்லை. எந்த வகை வீரரை வாங்குவது, எப்படி ஆடுவது என்பதில் மேலிடமும் மேனேஜரும் ஒத்துப்போன பிறகு எழுதியது.

உங்களுக்கு அது நடக்கவில்லை. 2024 கோடையில் டி லிக்ட் வந்தார், மஸ்ராவி வந்தார். இருவரும் அஜாக்ஸில் டென் ஹாக் வளர்த்தவர்கள். உகார்தே, சிர்க்சி, யோரோ என்று பட்டியல் நீண்டது. ஒரு மேனேஜரை நம்பி அணியைக் கட்டிவிட்டு, இலை உதிரும் முன் அவரை அனுப்பினார்கள். மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களோடு ஆடும் அமோரிமின் முறைக்கு, வேறு முறைக்காக வாங்கிய வீரர்கள் பழக வேண்டியிருந்தது. அந்த சீசன் 42 புள்ளிகளோடு பதினைந்தாவது இடத்தில் முடிந்தது. பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் இறுதியும் கைவிட்டுப் போனது. அவசர நீட்டிப்பின் செலவு இழப்பீட்டோடு நிற்பதில்லை என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

ஒவ்வொரு முறையும் உங்களில் யாராவது ஒருவர் ஃபெர்குசனை எடுத்துப் போடுவீர்கள். 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டிலேயே அவரைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள், மூன்றாண்டாகச் சாக்குதான் சொல்கிறார் என்று. அந்த செப்டம்பரில் சிட்டியிடம் 5-1 தோல்வி. சீசன் முடிவில் பதின்மூன்றாமிடம். ஆனால் 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 1993-ல் 26 ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம். பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை என்பீர்கள்.

உதாரணம் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் இந்த மடல் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. கிளப்பின் அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸும் இயக்குநர்களும் ஃபெர்குசனை வைத்துக்கொண்டது ஒப்பந்தத்தில் ஆண்டு மிச்சம் இருந்ததற்காக இல்லை. முதல் அணி தோற்றுக்கொண்டிருந்தபோதே அவர் இளையோர் அணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், திறமை தேடுவோரின் வலையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கிக்ஸும் பெக்கமும் ஸ்கோல்ஸும் அந்த வேலையில் வந்தவர்கள். இயக்குநர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பொறுத்தார்கள். உங்களுக்கு இன்று பொறுக்கச் சொல்கிறவர்கள், எதைப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று சொல்வதே இல்லை.

ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற சிற்றூர் கிளப்பை ஃபிராங்க் ஷ்மிட் 2007-ல் நான்காம் நிலை லீக்கில் எடுத்து, 2023-ல் புண்டஸ்லிகாவுக்குக் கொண்டுவந்தார். ஃப்ரைபர்க் கிளப் 2015-ல் கீழே இறங்கியபோதும் கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷை அனுப்பவில்லை, அடுத்த ஆண்டே மேலே வந்தார்கள். அவை சின்னக் கிளப்கள், யுனைடெட்டின் நெருக்கடி அவற்றுக்கு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனாலும் திட்டம் முதலில், கையெழுத்து பிறகு என்ற வரிசை பெரிய கிளப்புக்கு மட்டும் ஏன் தலைகீழாக வேண்டும்?

கையெழுத்து நாளில் நீங்கள் கொடுக்கும் தீர்ப்பும் அடிக்கடி தப்பாகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதத்தில் யுனைடெட் பெண்கள் அணி டாட்டன்ஹாமை 4-0 என்று வென்று முதல்முறையாக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. லீக்கில் ஐந்தாமிடம். மேனேஜர் மார்க் ஸ்கின்னரைப் போகச் சொல்லி அந்த சீசனில் உங்களில் பலர் குரல் எழுப்பியிருந்தீர்கள். அதே மாத இறுதியில் கிளப் அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே கோடையில் கிட்டத்தட்ட ஒரே கதை: கோப்பை, மோசமான லீக் இடம், பிளவுபட்ட ரசிகர்கள், நீட்டிப்பு. அடுத்த சீசனில் ஸ்கின்னரின் அணி மூன்றாமிடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக் தகுதி பெற்றது. டென் ஹாக் ஒன்பது லீக் ஆட்டத்தோடு போனார். ஒரே அளவுகோலில் இரண்டையும் அன்றே அளந்து சொல்ல உங்களால் முடியவில்லை. அது உங்கள் குறை இல்லை. அந்த நாளில் உங்களிடம் இருந்த தகவல் அவ்வளவுதான். தகவல் இல்லாமல் தீர்ப்பு கேட்பவர்களிடம் தகவலை முதலில் கேளுங்கள்.

மேனேஜரை மனிதராக நடத்துவதில் உங்களுக்கு நல்ல மரபு இருக்கிறது. 2014 மார்ச் 29 அன்று ஆஸ்டன் வில்லா ஆட்டத்தின்போது மோயஸைப் போகச் சொல்லும் பதாகையோடு ஒரு சிறு விமானம் ஓல்ட் டிராஃபோர்டின் மேலே பறந்தது. உள்ளே இருந்த நீங்கள் விமானத்தைப் பார்த்துக் கூச்சலிட்டு எதிர்த்தீர்கள். மேனேஜருக்காகக் கை தட்டினீர்கள். அணி 4-1 என்று வென்றது. மூன்று வாரம் கழித்து, அவரிடம் சொல்வதற்கு முன்பே அவருடைய நீக்கம் செய்தியாகக் கசிந்தது. அன்று கண்ணியம் யாரிடம் இருந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். நீட்டிப்பு அறிவிப்பின் கீழே மேனேஜரின் மனைவி மக்களை இழுத்து வசை எழுதுபவர்கள் அந்த மரபைக் கெடுக்கிறார்கள். அவர்களைத் தட்டிக் கேட்பதும் உங்கள் பொறுப்பு. கையெழுத்துக்குத் தாளை நீட்டியவர்கள் மேல்தளத்தில் இருக்கிறார்கள், உங்கள் கோபம் அங்கே போகட்டும்.

தொலைவில் இருக்கும் உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிக்கெட் விலை எங்களைத் தொடாது, மான்செஸ்டர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் இத்தனை கோடிப் பேர் எங்களுக்கு இருக்கிறார்கள் என்று உங்கள் தலையை எண்ணித்தான் கிளப் விளம்பரதாரர்களிடம் பேரம் பேசுகிறது. ஜெர்சியின் விலையில், தொலைக்காட்சிச் சந்தாவில், நீங்களும் அந்த இழப்பீட்டில் பங்கு கட்டுகிறீர்கள். அவசர நீட்டிப்பைக் கேட்டு எழும் சத்தத்தில் உங்கள் குரல்தான் பெரியது. 66 பவுண்டை எதிர்த்து ஓல்ட் டிராஃபோர்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஆதரவாக அந்தக் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்பதற்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளப் 2012 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது, காலாண்டுக்கு ஒருமுறை கணக்கை வெளியிடுகிறது. மேலே சொன்ன தொகைகள் வெளியே வந்ததே அதனால்தான். யுனைடெட்டின் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் இருக்கிறது, ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது. 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஓர் ஒழுங்காற்று அமைப்பும் வந்துவிட்டது. கிளப்பின் திசை, வணிக முன்னுரிமைகள், டிக்கெட் விலை ஆகியவற்றில் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டிய கடமை கிளப்களுக்கு அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மேனேஜரின் முறிவுச் செலவு டிக்கெட் விலைக்குச் சம்பந்தமில்லாதது என்று 2024-க்குப் பிறகு யாராலும் வாதாட முடியாது.

சம்பளத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது தனிமனிதரின் விஷயம். கேட்பது இவ்வளவுதான். நீட்டிப்பை முடிவு செய்தவர் யார், அவர் எவ்வளவு காலம் அணியைப் பார்த்துவிட்டு முடிவு செய்தார்? லீக் இடமோ சாம்பியன்ஸ் லீக் தகுதியோ தவறினால் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டா, இல்லையா? ஓராண்டுக்குள் முறிந்தால், அந்தத் தொகையை டிக்கெட் விலையிலும் ஊழியர் வேலையிலும் ஏற்ற மாட்டோம் என்று கிளப் எழுதித் தருமா?

அடுத்த நீட்டிப்பு எப்படியும் வரும். ஏதோ ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு, நீங்கள் பாடிக்கொண்டிருக்கும் இரவில், பழைய வீரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்வார். அந்த இரவில் பாடுங்கள், அது உங்களுடையது. கையெழுத்தை மட்டும் கேட்காதீர்கள். சீசன் முடியட்டும் என்று சொல்லுங்கள். அறிவிப்பு வந்துவிட்டால், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருவரை ஒருவர் கடிப்பதை நிறுத்திவிட்டு, மேலே உள்ள மூன்று கேள்விகளையும் உங்கள் டிரஸ்ட் வழியாகவும் ஆலோசனைக் குழு வழியாகவும் எழுத்தில் அனுப்புங்கள். மான்செஸ்டரில் இருப்பவர்கள் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரசிகர் மன்றம் நடத்துபவர்கள் அதே கேள்விகளில் உங்கள் மன்றத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு காலாண்டுக் கணக்கு வெளியாகும் நாளிலும் திரும்பக் கேளுங்கள்.